எல்லைக் கல்லைத் தாண்டித்தான் டிக்கெட்

செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இப்போது டைம் கீப்பராக இருக்கும் எஸ்தர், போன மாதம் நான்கு தாள்களைப் பின் குத்தி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உள்ளூர் பஸ்களை எந்தத் தடத்தில், எப்படி விடுவது என்று முடிவு செய்ய ஒரு புதுச் சட்டம் வரப்போகிறதாம். சட்டம் ஆவதற்கு முன்னால் இந்த வேலையில் இருப்பவர்களும் இருந்தவர்களும் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாமாம்.

"உங்க காலத்துல நடந்ததை எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

"எனக்கு எம் பேரைத் தவிர வேற எழுத வராது கண்ணு. பஸ் போர்டுல ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான் எம் படிப்பு."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

அப்படித்தான் இது எழுதப்படுகிறது. நான் பேசுவது வேறு மாதிரி இருக்கும். எஸ்தர் அதைத் தாளுக்கு ஏற்றபடி எழுதுகிறாள். ஆனால் ஒரு சங்கதியைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவளை வீட்டுக்கு அனுப்புகிறேன்.

அந்த நான்கு தாளையும் எஸ்தர் எனக்குப் படித்துக் காட்டினாள். பாதி எனக்கு விளங்கவில்லை. ஒரு இடம் மட்டும் விளங்கியது. ஒரு பஸ்ஸை நிறுத்துவதானால் டிக்கெட்டை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது, அந்த ஊர் ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னேன். இப்படி ஒரு வரி அந்தக் காலத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுக்க யோசனையாகவே இருந்தது. அதனால்தான் சொல்லத் தொடங்கினேன்.

நான் செம்மேட்டில் பஸ் கூட்டும் வேலை பார்த்தவள். இருபத்தொன்பது வருடம். 'துப்புரவுப் பணியாளர்' என்று சம்பளப் பட்டியலில் இருந்தது. யாராவது என்ன வேலை என்று கேட்டால் பஸ் கூட்டுகிறேன் என்றுதான் நான் சொல்வேன். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. நான் கூட்டிவிட்ட வண்டியில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு யாரும் உட்காரலாம்.

எனக்கு முன்னால் இருந்த அம்மாள் இரண்டே நாள்தான் வேலை சொல்லிக்கொடுத்தாள். மிச்சத்தை வண்டிகளே சொல்லிக்கொடுத்தன. கீழே இருந்து வரும் வண்டி காரவள்ளியில் மலையேறத் தொடங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியில் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறுகிறவர்கள் முப்பதாவது வளைவில் அமைதியாகி விடுவார்கள். நாற்பதில் ஜன்னலுக்கு இடம் தேடுவார்கள். ஜன்னல் கிடைக்காதவர்களின் பாடு என் பாடாகிவிடும்.

வாந்தியில் முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். தண்ணீர் ஊற்றினால் அது தகட்டின் இணைப்பு வழியாக அடியில் இறங்கிவிடும். அப்புறம் மூன்று நாளைக்கு வண்டி நாறும். டீக்கடை அடுப்பிலிருந்து சாம்பல் வாங்கி வைத்திருப்பேன். அதை மேலே தூவி, அடுத்த சீட்டுகளைத் துடைத்துவிட்டு வருவதற்குள் சாம்பல் ஈரத்தைக் குடித்திருக்கும். பிறகு தகரத் துண்டால் வழித்து எடுத்து, கடைசியில்தான் தண்ணீரும் பினாயிலும். கூட்டுவதற்குச் சீமாறு நானே கட்டிக்கொள்வேன். கடையில் விற்பது சீட்டுக் காலுக்கு அடியில் வளையாது.

எனக்கு மேலே இருந்தவர் டைம் கீப்பர் முத்துவேல் ஐயா. நாமக்கல் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் வாங்க, போங்க என்றுதான் கோபித்துக்கொள்வார். "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" என்று அவர் ஒரு டிரைவரைக் கேட்டபோது, அந்த டிரைவர் மரியாதையா, திட்டா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். வண்டி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். சக்கரம் நின்ற பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் எழுதுவார். டிரைவர்கள் தூரத்தில் வரும்போதே "எட்டுன்னு போட்டுக்கங்க சார்" என்று கத்துவார்கள். இரண்டு நிமிடம் தாமதமென்றால் எட்டு இரண்டு என்றுதான் எழுதுவார். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார். எழுதாததை நடந்தது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

அவர் எனக்கு ஒரு பழக்கம் வைத்தார். சீமாற்றைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்குள் பின் படிக்கட்டிலிருந்து முன் படிக்கட்டு வரை ஒரு தரம் வெறுமனே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். யாராவது எதையாவது தவற விட்டிருந்தால் எந்த சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லி அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காகப் பார்க்கத் தொடங்கியவள்தான் நான். பார்க்கப் பார்க்க வேறு பலதும் தெரியத் தொடங்கியது.

எந்த வண்டி எந்தப் பக்கம் போய் வந்தது என்று போர்டு பார்க்காமலே சொல்லுவேன். ஒரு பக்கத்து வண்டியில் செம்மண். ஒரு பக்கத்து வண்டியில் வெளுத்த களிமண், காய்ந்து ஓடு ஓடாக உதிர்ந்து கிடக்கும். மிளகுப் பருவத்தில் மிளகுக் காம்பு, பலாப் பருவத்தில் சீட்டுக் கம்பியெல்லாம் பலாப் பால். புல்லுக்குள் நடந்து வந்து ஏறுகிற ஊர் என்றால் புடவை ஓரத்தில் ஒட்டி வந்த புல் விதைகள் கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. குப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று சிரிப்பார்கள்.

அதில் ஒரு வண்டி மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. எங்கள் மலையில் பைல் நாடு என்கிற பகுதியில் கடுக்காய்ப்பட்டி என்று ஒரு ஊர். காலையில் ஆறு மணிக்குச் செம்மேட்டில் இருந்து வண்டி போய், அங்கே திரும்பி, எட்டு மணி சுமாருக்கு வந்து சேரும். அந்த வண்டியில் மட்டும் பின் படிக்கட்டில் ஏறுகிற தடங்கள் எல்லாம் வெறுங்கால். முன் படிக்கட்டில் இறங்குகிற தடங்கள் எல்லாம் செருப்பு. அப்போது மலையில் எல்லோரும் செருப்புப் போடத் தொடங்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது. வெறுங்காலோடு ஏறிச் செருப்போடு இறங்குகிறவர்கள் யார்? வண்டிக்குள் செருப்புக் கடையா இருக்கிறது?

அந்தத் தடங்களில் ஒன்று இன்னும் அதிசயம். ஒரு முழுப் பாதம், பக்கத்தில் ஒரு அரைப் பாதம், அதற்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு குத்து. தடி ஊன்றி நடக்கிற ஆள். மூன்றாவது சீட்டு வரைக்கும் போய் அங்கே நின்றுவிடும். பாதத்தின் அளவைப் பார்த்தால் பெண். அவளை நான் பார்த்ததே இல்லை. வண்டி ஸ்டாண்டுக்கு வருவதற்குள் எங்கோ இறங்கிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. மழை நாளிலும் தவறுவதில்லை. இரண்டு வருடம் அந்தக் குத்தைக் கூட்டித் தள்ளினேன்.

கண்டக்டரைக் கேட்டேன். அவர் ராசிபுரத்துக்காரர், கலகலப்பான ஆள். ஆனால் இதைக் கேட்டதும் "எனக்கென்னங்க தெரியும்? நான் காலையா பாக்கறேன், காசைப் பாக்கறேன்" என்று போய்விட்டார். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஏறக்குறைய இதே பதிலைச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கீழே ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கடுக்காய்ப்பட்டியில் ஏறுவதற்கு ஆளே இல்லை, டிக்கெட் தாளில் அந்த இடத்தில் எப்போதும் சைபர்தான் இருக்கிறது. அதனால் வண்டி இனிமேல் அதற்கு முந்தின நிறுத்தமான பிலாமரத்தோடு திரும்ப வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் இரண்டு மைல். கடுக்காய்ப்பட்டியிலிருந்து பிலாமரம் வருவதென்றால் பெரும்பகுதி ஏற்றம்.

கடுக்காய்ப்பட்டிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்று ஆபீஸில் பதில் வந்தது. அந்த வாரம் நான் மறக்க மாட்டேன். ஊரே கிளம்பி வந்தது. கேழ்வரகுக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு, செம்மேட்டில் ஒரு ஜோலியும் இல்லாதவர்கள் எல்லாம் பஸ் ஏறி வந்து, ஸ்டாண்டில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிப் போனார்கள். "எங்க பஸ்ஸுக்கு ஆளு இருக்குதுன்னு காட்டறோமுங்க" என்று ஒரு கிழவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம். இத்தனை பேர் வருகிற வண்டியாயிற்றே என்று பக்கத்துத் தொட்டியிலிருந்து நானே தண்ணீர் சுமந்து வந்து அந்த வண்டியை ஒவ்வொரு நாளும் கழுவினேன்.

எட்டாம் நாள் முத்துவேல் ஐயா என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஏழு தாள்.

"பாருங்க நல்லம்மா. ஏழு நாள். கடுக்காய்ப்பட்டிக்கு நேரா ஏழு சைபர். எல்லா டிக்கெட்டும் பிலாமரத்துலதான் குடுத்திருக்குது."

"அதெப்படீங்க? ஏழு நாளும் வண்டி பூரா வெறுங்காலுங்களே."

"என்னங்க வெறுங்கால்?"

நான் சொன்னேன். ஏறும்போது வெறுங்கால், இறங்கும்போது செருப்பு. வெளுத்த களிமண். அந்த மண் பிலாமரத்தில் கிடையாது, அங்கே செம்மண். ஏறுகிறவர்கள் கடுக்காய்ப்பட்டியிலேதான் ஏறுகிறார்கள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு வருசமாத் தெரியும்கறீங்க. சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலீங்களே."

"வாங்க, காட்டுங்க."

இரண்டு பேரும் வண்டிக்குப் போனோம். நான் அப்போதுதான் கழுவி முடித்திருந்தேன். தரை பளபளவென்று இருந்தது. ஒரு மண் துகள் இல்லை. ஐயா பின் படிக்கட்டிலிருந்து முன் படிக்கட்டு வரை பார்த்துக்கொண்டே நடந்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்குதுங்க" என்றார்.  என் வேலையில் யாராவது நல்ல பேர் சொன்னதற்காக நான் தலை குனிந்து நின்றது அன்று ஒரு நாள்தான்.

வண்டி பிலாமரத்தோடு திரும்ப வேண்டிய ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை ஐயாவிடம் சொல்லிவிட்டு ஆறு மணி வண்டியில் நானே ஏறினேன். அத்தனை வருடம் பஸ்ஸைக் கூட்டியிருக்கிறேன், அந்தத் தடத்தில் பிரயாணம் போனதில்லை. பிலாமரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை ஓரமாக நட்டு வைத்த ஒரு கல், மஞ்சள் பூசி இருந்தது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்து, வெயிலே விழாத காடு. அதற்கு நடுவிலேதான் ஊரும். வண்டி திரும்பிக்கொள்ளும் இடம் காட்டை ஒட்டியே இருந்தது.

ஆட்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் செருப்பு. சிலர் பைக்குள் வைத்திருந்தார்கள். ஏறினார்கள். கடைசியாக ஒரு பெண் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு கால் சூம்பிப் போய் முன்பாதம் மட்டும் தரையில் பட்டது. கம்பியைப் பிடித்து ஒரே எக்கில் மேலே வந்து மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். நான் அந்த சீட்டிலேதான் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, காலையே பாக்கறே? மூஞ்சி மேல இருக்குது."

"கோவிச்சுக்காத புள்ள. உன்னைய எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."

"எங்க பாத்தே?"

"பஸ் கூட்டறவ நானு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப, தெனமும் எங்காலைக் கூட்டி வெளிய கொட்டறவ நீதானா!" என்று பக்கத்து சீட்டுக்காரிகளுக்கும் சொன்னாள். அவள் பெயர் செல்லி.

வண்டி கிளம்பியது. கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரட்டும் என்று நான் சுருக்குப் பையை அவிழ்த்துக் காசை எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரிகள் பதறித் திரும்பினார்கள். பின்னாலிருந்து ஒரு ஆள், "ஆத்தா, காசை உள்ள வையி!" என்று சத்தம் போட்டார். செல்லி என் கையைக் காசோடு சேர்த்து மூடிப் பிடித்தாள்.

"கல்லுத் தாண்டட்டுங்க்கா."

"எந்தக் கல்லு?"

கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது சாமி காடு. அந்த மஞ்சள் கல் எல்லை. எல்லைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் சில கோயில்களில் உண்டு. இவர்களுக்கு இன்னொன்றும் இருந்தது. எல்லைக்குள் காசு கை மாறக் கூடாது. விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஊருக்குள் ஒரு பெட்டிக்கடை கிடையாது. கடை கல்லுக்கு அந்தப் பக்கம். பஸ் டிக்கெட்டும் வாங்குகிற பொருள்தானே? அதனால் வண்டி கல்லைத் தாண்டின பிறகுதான் காசு கொடுப்பார்கள். கல்லைத் தாண்டிய கையோடு பிலாமரம் வந்துவிடும். கண்டக்டர் எல்லோருக்கும் பிலாமரத்திலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். இரண்டு இடத்துக்கும் கட்டணம் ஒன்றுதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் டிக்கெட் இல்லாமல் ஆளை ஏற்றிக்கொண்டு இரண்டு மைல் வந்தேன் என்று எந்தக் கண்டக்டர் வாய் திறப்பார்? கேஸ் எழுதிவிடுவார்களே. ஒருவர் மாறிப் போகும்போது அடுத்தவர் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரம் ஊரே ஏறி வந்ததும் இப்படித்தான். நாளுக்கு நாற்பது பேர் ஏறினார்கள்; நாற்பது பேரும் கல்லைத் தாண்டிக் காசு கொடுத்தார்கள். நாற்பது பேரும் பிலாமரத்துக் கணக்கில் போனார்கள்.

"ஏம் புள்ள, இதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"எத்தனை பேரு ஏறுவீங்கன்னு கேட்டாங்க, சொன்னோம். எங்க காசு குடுப்பீங்கன்னு ஆரும் கேக்கலையே? பஸ்ஸுல ஆளு உக்காந்திருக்கறது கண்ணுல தெரியாதாக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் செருப்பை மாட்டக் குனிந்தபோது முகம் மாறிவிட்டது. செம்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற உதவியாள் வேலை அவளுக்கு. ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். எட்டரைக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். புருஷன் இறந்துவிட்டான், மாமியாருக்கும் அவளுக்கும் அந்தச் சம்பளம்தான்.

"ஒண்ணாந் தேதியிலிருந்து பிலாமரத்துல திரும்பிருமாம். அந்த ஏத்தத்துல எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு நடந்து பாத்தேன், அடுத்த நாள் எந்திரிக்க முடியல. மூணு நாள் நேரந் தவறினா வேற ஆளப் போட்டுருவோம்னு சொல்லிப்போட்டாங்க. ஊருல தொட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்து விடறோம்கறாங்க. நோவாளியத் தூக்கற தொட்டில்ல நான் சோறாக்கப் போறதா? சோத்தை எவங்க்கா திம்பான்?"

ஸ்டாண்டில் இறங்கியதும் நேராக முத்துவேல் ஐயாவிடம் போனேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார். கண்டக்டர் வெளுத்துப் போய், "சார், கேஸ் கீஸ்னு போட்டுறாதீங்க, புள்ள குட்டிக்காரன்" என்றார்.

"நீங்க சொல்றதையும் எழுத மாட்டேன், இந்தம்மா சொல்றதையும் எழுத மாட்டேனுங்க. நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

மறுநாள் என்னையும் வரச் சொன்னார். கல்லுக்கு முன்னாலேயே ஷூவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்தார். ஊரில் இறங்கி நோட்டை விரித்துக்கொண்டு நின்றார். செல்லி வந்து அவர் காலைப் பார்த்தாள்.

"சார், அந்தத் துணிச் செருப்பையும் கழட்டிப்போடுங்க."

ஐயா சாக்ஸையும் கழற்றினார். ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊர்த் தலைவர், வந்து கும்பிட்டார். ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் சாமிகிட்ட உத்தரவு கேட்டுப் பாத்தா என்னங்க?"

"கேட்டோமுங்க. பஸ்ஸு வந்த மொத வருசமே கேட்டோம். குடுக்கலீங்க."

ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். ஏறியவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். இருபத்திரண்டு பேர். எண்ணியதை அங்கேயே எழுதினார். கல்லைத் தாண்டும்போது மணி பார்த்து எழுதினார். பிலாமரத்தில் புதிதாக ஏறியவர்கள் மூன்று பேர். அதையும் எழுதினார். அன்றே கீழே ஆபீஸுக்கு எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் அனுப்பினார், போனிலும் பேசினார். கடிதம் வரட்டும், பார்க்கலாம், அதுவரை உத்தரவு உத்தரவுதான் என்று பதில் வந்தது.

ஒன்றாம் தேதி காலை. நான் வண்டியின் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவரும் கண்டக்டரும் ஐயாவின் ஜன்னல் முன்னால் நின்றார்கள். கண்டக்டர்தான் யோசனை சொன்னார்.

"சார், தாள்ல பிலாமரத்தோட திரும்புச்சுன்னு எழுதிக்கலாம். வண்டிய மேல கொண்டு போயிட்டு வந்துடறோம். ஆருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. செல்லிக்கு வண்டி கிடைக்கும், ஐயாவுக்கும் தொந்தரவு இல்லை. ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றித் திரும்ப மூடினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"அப்படி எழுதுனா, கடுக்காய்ப்பட்டிக்கு வண்டியே போகலைன்னு ஆயிருமுங்க. ஒரு மாசம் கழிச்சு அவங்க நம்ம தாளையே காட்டுவாங்க. பாருங்க, வண்டி போகாமலே ஊரு நல்லாத்தான் இருக்குதுன்னு" என்றார். பிறகு, "கடுக்காய்ப்பட்டிக்குப் போங்க. ஏறுற தலைய எண்ணித் தாள் ஓரத்துல எழுதுங்க. டிக்கெட்டக் கல்லுத் தாண்டிக் குடுங்க. போயிட்டு வந்ததைப் போயிட்டு வந்ததுன்னு நான் எழுதறேன்."

"உங்களுக்கு மெமோ வருமே சார்?"

"வரட்டுங்க."

வண்டி போனது. எட்டு மணிக்கு வந்தது. நான் சீமாற்றை வைத்துக்கொண்டு பின் படிக்கட்டில் நின்று பார்த்தேன். முழுப் பாதம், அரைப் பாதம், குத்து. அன்றைக்கு அதைக் கூட்ட மனசு வரவில்லை. ஆனாலும் கூட்டினேன். அடுத்த நடைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

நான்காம் நாள் மெமோ வந்தது. ஐயா நின்றுகொண்டே படித்தார். அதில் என்ன இருக்கும் என்று எனக்கு ஆசை தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். வாய்விட்டுப் படித்துக் காட்டினார். உத்தரவை மீறினார், கடமை தவறினார் என்று இருந்தது. நேரத்தை ஒரு நிமிடம் கூடக் குறையாமல் எழுதுகிற மனிதரைக் கடமை தவறினார் என்று எழுத எப்படிக் கை வந்தது என்று கேட்டேன். "எழுதுனவங்க நம்மளைப் பாத்ததில்லீங்களே நல்லம்மா" என்றார்.

அவர் பதில் எழுதினார். ஒவ்வொரு நாளும் எண்ணிய தலைக் கணக்கைச் சேர்த்து அனுப்பினார். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் மேல் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். வண்டியில் கடுக்காய்ப்பட்டி வரை போனார். திரும்பி வந்து ஸ்டாண்டில் இறங்கியபோது அவரும் ஷூவைக் கையில் வைத்திருந்தார்; மாட்ட மறந்துவிட்டார் போல. வண்டி பழையபடி கடைசி வரை போகலாம், தாள் ஓரத்தில் எழுதும் தலைக் கணக்கை ஆபீஸ் ஏற்கும் என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது.

மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. முத்துவேல் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போதும் அது அவர் பைலில் இருந்தது. கிளம்புகிற அன்று நான் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "நடந்ததுதானுங்களே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

செல்லி இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். அவள் சமையலைச் சாப்பிட்டவர்கள் இப்போது அந்தத் தடத்திலேயே கண்டக்டராகவும் இருக்கிறார்கள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை எஸ்தரைக் கூட்டிக்கொண்டு கடுக்காய்ப்பட்டிக்குப் போனேன். இந்தச் சட்டத்தைப் பற்றிச் செல்லி என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் என் கருத்தை முடிக்க எனக்கு இஷ்டமில்லை.

செல்லி முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். எஸ்தர் ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்கினாள். ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்ற இடம் வந்ததும் செல்லி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது நல்லதுதான். எங்க வெச்சுக் கேப்பாங்க?"

எஸ்தர் தாளைப் பார்த்தாள். "தாலுகா ஆபீஸ்லன்னு போட்டிருக்கு. இங்கன்னா செம்மேட்டுல."

"காலையிலயா, சாயங்காலமா?"

"அது போடலீங்க."

"ஏன் சாமி, பஸ்ஸு நின்னு போன ஊருக்காரங்க செம்மேட்டுக்கு எதுல வந்து, பஸ்ஸு வேணும்னு சொல்றது?"

எஸ்தர் நான்கு தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பதில் எதிலும் இல்லை. நான் ஏன் இதைக் கேட்கவில்லை என்று எனக்கே ஆச்சரியம். நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவள். அதனால்தான் எனக்கு அது தோன்றவில்லை.

"இதைச் சட்டப் பேச்சுல எப்படி எழுதறதுன்னு தெரியலையேம்மா" என்றாள் எஸ்தர்.

"அவ கேட்ட மாதிரியே எழுது கண்ணு" என்றேன்.

அதனால் எங்கள் கருத்து இதுதான். ஒரு ஊருக்கு வண்டியை நிறுத்த நினைத்தால், நிறுத்துவதற்கு முன்னால், அந்த வண்டியிலேயே ஏறி அந்த ஊருக்கு வாருங்கள். காட்டு வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரத்தில் கூட்டம் போடுங்கள். எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எப்படி ஏறுகிறீர்கள், ஏறாதவர்கள் ஏன் ஏறவில்லை என்றும் கேளுங்கள். கேட்டால் சொல்லுவார்கள். கடுக்காய்ப்பட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு செல்லி போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் காசு கொடுக்க நினைத்துவிடாதீர்கள்.